பத்து விநாடி வெறும் அறை

ஒலிப்பதிவாளர் எந்த வேலையானாலும் முதலில் ஆள் இல்லாத அறையைப் பத்து விநாடி பதிவு செய்துகொள்வார். கணினியிலுள்ள செயலி அந்த இரைச்சலைக் கற்றுக்கொண்டு, பின்னால் வரும் பதிவிலிருந்து அதை வழித்தெடுத்துவிடும். கற்றதைத் தவிர வேறெதையும் தொடாது. அதற்குக் குப்பை வண்டி என்று பெயர் வைத்ததே அவருடைய மகள்தான்.

அன்று மகள் பள்ளியிலிருந்து வருமுன்பே வெறும் அறையைப் பதிவு செய்துவிட்டார். நாலரைக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கேமரா முன்னால் நின்று, போட்டிக்கான பேச்சை ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

செயலியை ஓட்டினார். மின்விசிறியின் இரைச்சல் போனது. மகளின் குரலும் போனது. தெருவில் போன லாரியின் ஹாரன் மட்டும் துல்லியமாகக் கேட்க, திரையில் அவள் வாய் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

"சனியன், எதைக் கத்துக்கிட்டுத் தொலைச்சுதோ" என்று முணுமுணுத்தபடி ஹெட்போனை மாட்டினார். அந்தப் பத்து விநாடியை, ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டார்.

மின்விசிறிக்கு அடியில் மகளின் குரல் இருந்தது.

"அப்பா, காலையிலேர்ந்து இங்கயேதான் நிக்கிறேன். ஏன்ப்பா திரும்பிப் பாக்க மாட்டேங்கிறீங்க?"

அப்போது பின்னாலிருந்து ஒரு விரல் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மெதுவாக விலக்கியது.

"முடிஞ்சிருச்சாப்பா?" என்றாள் நாலரைக்கு வந்தவள்.

மற்ற காதில் பத்து விநாடி முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. இந்த முறை பதிவிலிருந்த மகள் வேறொன்று சொன்னாள்.

"அப்பா, இப்பத் திரும்பிடாதீங்க."