இரண்டாம் நடைமேடை

சாப்பாட்டு மேஜை முழுவதையும் அருணகிரியின் குட்டி ரயில் நிலையம் பிடித்துக்கொண்டதிலிருந்து செண்பகவல்லி தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டாள். பாதித் தீக்குச்சி உயரத்தில் டீ விற்பவன், பெஞ்சுக்கடியில் நாய் என்று எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டியிருந்தார் அவள் புருஷன். வண்டி கிளம்பும் முதல் நடைமேடையில் மஞ்சள் பையோடு நிற்கிற பெண்ணை மட்டும் ஒட்டவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கிளம்பிப்போன மகள் மாலினியின் பையும் மஞ்சள்தான். தூசி துடைக்கிற சாக்கில் செண்பகவல்லி தினமும் அந்தப் பொம்மைப் பெண்ணை எடுத்து, வண்டி வந்து சேரும் இரண்டாம் நடைமேடையில் வைப்பாள். சாயங்காலத்துக்குள் அவள் பழைய இடத்துக்கே போயிருப்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இன்று மாலினியிடமிருந்து கடிதம் வந்தது.

"பொங்கலுக்கு வரட்டுமான்னு கேக்கறா. என்னன்னு எழுத?"

"அந்தப் பசையை எடு."

எடுத்துக் கொடுத்துவிட்டு, பார்க்கத் தைரியமில்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். குழம்பை இறக்கிவிட்டு வந்தபோது பெண் முதல் நடைமேடையில்தான் நின்றாள். இரண்டாவதில் புதிதாக ஒரு கிழவர், நீலக்கட்டம் போட்ட சட்டையும் குடையுமாக, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே சட்டைதான் அருணகிரியும் போட்டிருந்தார்.

"இந்தாளுக்கு இவ்வளவு முடி ஏதுங்க?"

"கையை வைக்காதே. பசை இன்னும் காயலை."