மச்சினிக்கு ஒரு கவர் லெட்டர்

“என்னங்க, தங்கச்சி வேற வேலைக்கு எழுதிப் போடறா. நல்லதா ஒரு கவர் லெட்டர் சொல்லுங்களேன்” என்று மனைவி கேட்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொந்தக் கம்பெனிக்கு வந்து குவியும் கவர் லெட்டர்களைப் படித்தே தலை நரைத்தவர் அவர்.

“கடின உழைப்பாளின்னு மட்டும் எழுத வேண்டாம். எல்லாக் கழுதையும் அதைத்தான் எழுதுது. சரி, இப்ப இருக்கற வேலையை ஏன் விடறா?”

“முதலாளி சரியில்லையாம். எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழறாராம். இவ செய்யற வேலைக்கு அவர் பேர் வாங்கிக்கறாராம். லீவு கேட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறாராம்.”

“அந்த ஆளுகிட்ட எவ குப்பை கொட்டுவா? ஆனா அதையெல்லாம் எழுதக் கூடாது. ‘இங்கே கற்க வேண்டியதைக் கற்றுக்கொண்டேன், இனி வளர விரும்புகிறேன்’னு போடு. எந்த முதலாளியும் மயங்கிடுவான்.”

மனைவி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவருடைய அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் வேறொரு கம்பெனியின் முதலாளி.

“உங்க கணக்காளர் எங்ககிட்ட வேலைக்கு எழுதிப் போட்டிருக்காங்க சார். ‘இனி வளர விரும்புகிறேன்’ங்கற அந்த ஒரு வரியிலயே நான் விழுந்துட்டேன். ஆள் எப்படி?”

அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தார். கணக்காளர் நாற்காலியில் அவர் மனைவி இருந்தாள். கல்யாணமான மறுமாதத்திலிருந்து அது அவளுடைய நாற்காலிதான்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே யார் போன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உள்ளே வந்தாள்.

“நல்லபடியா சொல்லுங்க சார்” என்றாள் மெதுவாக. “கடின உழைப்பாளின்னு மட்டும் சொல்லிடாதீங்க.”