பத்தாவது பேர்

"மனசைப் படிக்கிற படிப்பா? எங்கே, இப்போ என் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லு பாக்கலாம்!"

கேன்டீன் நெனிங் அக்கா கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

ரோசெலுக்கு எரிச்சல் மண்டியது. "நாலு வருஷம் கழிச்சு வந்து சொல்றேன்க்கா. இப்போ சேர ஆள் இருந்தா சொல்லுங்க. இன்னும் ஒரே ஒருத்தர்தான் வேணும்."

அந்திக்கே மாகாணத்தில் ஒரு சின்ன நகராட்சிக் கல்லூரி அது. சைக்காலஜிக்குப் பத்துப் பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு. இன்று ஐந்து மணியோடு சேர்க்கை முடிகிறது. இதுவரை ஒன்பது பேர். பத்தாகாவிட்டால் எல்லோரையும் கிரிமினாலஜியில் தள்ளிவிடுவார்கள். வேறு ஊருக்குப் போய்ப் படிக்க ரோசெலுக்கு வழியில்லை.

"சரி, இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்? அதைச் சொல்லு முதல்ல." அக்கா விடுவதாயில்லை.

"கம்பெனில ஆள் எடுக்கலாம். ஸ்கூல்ல கவுன்சலிங் பண்ணலாம். லைசென்ஸ் வாங்கினா ஆஸ்பத்திரில டெஸ்ட் வைக்கலாம்."

"டெஸ்ட் வச்சு? பேசாதவங்களப் பேச வச்சிடுவீங்களாக்கும்?"

"வைப்போம்!" வீம்புக்குச் சொன்னாள் ரோசெல்.

அக்கா சோற்றுத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அதே தட்டோடு திரும்பினாள். சோறும் கருவாடும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஐந்து நாளாக ரோசெல் பார்க்கிற காட்சிதான். அவளுக்கு இருக்கிற கவலையில் யார் வீட்டுச் சோறு மிஞ்சினால் என்ன?

மழையில் ஓடினாள். டிரைசைக்கிள் ஸ்டாண்டு, சர்ச் வாசல், மீன் மார்க்கெட். பன்னிரண்டாவது படித்தவர் எவரைப் பிடித்தாலும் ஒரே பேச்சு. "பைத்தியத்தோட பேசுற படிப்புதானே? ஆளை விடும்மா!"

சொட்டச் சொட்ட நனைந்து கல்லூரிச் சேர்க்கை அலுவலக ஜன்னலுக்கு வந்தபோது மணி நாலே முக்கால்.

"லக்சமானா மேடம், கிரிமினாலஜி மட்டும் வேணாம். இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷமும் வந்து ஆள் பிடிப்பேன்."

"ஏன் பிடிக்கணும்? அதான் பத்து ஆயிடுச்சே!"

மேடம் நீட்டிய விண்ணப்பத்தைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெனிதா பல்மாரெஸ். வயது நாற்பத்தாறு.

"ஐயோ, இது கேன்டீன் அக்கா! வாரம் பூரா என்னை ஓட்டினது போதாதா? இதுலயுமா கிண்டல்?"

"கிண்டலா?" மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எதிர்வீட்டுல அவ பொண்ணு எட்டு மாசமா ரூமை விட்டு வெளிய வரலை. பெத்தவகிட்டகூட ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானம் போற சோறு அப்படியே திரும்பி வருது. அஞ்சு நாளா அங்கயே உக்காந்திருந்தியே, நீ பாக்கலையா?"

வெட்கத்தில் தலை குனிந்த ரோசெலின் கண்ணில் விண்ணப்பத்தின் கடைசிக் கேள்வி பட்டது.

'படிப்பு முடிந்ததும் என்ன வேலை பார்க்க விருப்பம்?'

அதன் கீழே கோணல்மாணலான எழுத்தில் இருந்தது:

'அம்மா வேலை. இப்பவும் அதுதான் பாக்கிறேன். சரியாப் பாக்கத் தெரியலை.'