இணைப்பு மட்டும் போதாது

கெஞ்சியவரை ஈவிரக்கம் இல்லாமல் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான் தம்பி. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா புருஷன் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

பூட்டியது போனில்தான். புரோகிராம் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்டுக்கொள்கிற ஓர் இணையதளத்தில் அவன் சம்பளம் இல்லாத காவல்காரன். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இவனிடம் சலுகை வாங்க முடியாது என்பது அங்கே பிரசித்தம். ‘கறார்’ என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள்.

விதி என்னவோ சின்னதுதான். புரோகிராம் வேறு ஏதோ தளத்தில் கிடக்கிறது என்று அதன் இணைப்பை மட்டும் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கக் கூடாது. தகராறு செய்கிற வரிகளைக் கேள்விக்குள்ளேயே ஒட்ட வேண்டும். இணைப்பு இன்றைக்குத் திறக்கும், நாளைக்குச் செத்துப்போகும். அப்புறம் அதே சிக்கலோடு வருகிறவனுக்குக் கேள்வியும் புரியாது, பதிலும் புரியாது.

இப்போது வந்தவர் தளத்துக்குப் புதுசு. பார்கோடு அச்சாகாமல் வெள்ளைத் தாளாக வருகிறது, உயிர் போகிற விஷயம், தயவுசெய்து பாருங்கள் என்று எழுதி, கீழே ஓர் இணைப்பை வைத்திருந்தார். உயிர் போகிற விஷயம் என்று எழுதாதவர் அந்தத் தளத்தில் யார்? மறுநாள் பரீட்சை என்றாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

தம்பி இணைப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வரிகளை ஒட்டிவிட்டுச் சொல்லுங்கள், திறக்கிறேன் என்று ஒரு குறிப்பைப் போட்டுப் பூட்டினான். பூட்டிய கேள்விக்கு யாரும் பதில் எழுத முடியாது, பூட்டியவரே வந்து திறந்தால்தான் உண்டு என்பது அங்கே இன்னொரு விதி.

“உள்ள உன் அக்கா கிடக்கா. இந்த நேரத்துல உனக்கு ஊர்ப் பஞ்சாயத்தா, மாப்ளே?”

அத்தான் போனைப் பிடுங்கி, அணைத்து, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கை சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சின்ன வயதில் அவன் தப்பும் தவறுமாக எழுதிய முதல் புரோகிராமை, ஒரு வரி புரியாவிட்டாலும், பிரமாதம் என்று சொன்ன ஒரே ஆள் அக்கா. காலையில் வண்டி சறுக்கி விழுந்தவள், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தபடி அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தாள். கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை.

அத்தான் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஆபரேஷனுக்கு எல்லாம் தயார் என்று கையெழுத்து வாங்கிப் போனவர்கள் ஏன் இன்னும் தொடங்கவில்லை? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைத் தவிர்த்தார்கள்.

கடைசியில் நர்ஸ் வெளியே வந்தாள். கீழ்த்தளத்தில் இருக்கிற ரத்த வங்கியிலிருந்து ரத்தம் வரவில்லை, அங்கே கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது, அது சீட்டு அச்சடித்துக் கொடுக்காமல் ஒரு பைகூட மாடியேறாது என்றாள். தம்பி எழுந்து அவளை மறித்தான்.

“ஒரே ஒரு தடவை அப்படியே எடுத்துட்டு வரக் கூடாதா, சிஸ்டர்?”

“ஆள் மாறி ஏத்திட்டா யார் சார் பொறுப்பு? விதின்னா விதிதான்.” அவள் குரல் சட்டென்று இறங்கியது. “ஆனா டாக்டர் இதுக்கு மேல காத்திருக்க முடியாதுங்கிறார்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அது தெரிந்தும் அவனுக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கம்ப்யூட்டர் தகராறுதானே, அதுதான் என் பிழைப்பு, நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, லிப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியிறங்கி ஓடினான். அத்தானும் பின்னாலேயே ஓடினார்.

ரத்த வங்கியில் குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. மேசைமேல் அக்காவுக்கான பைகள் ஒரு தட்டில் வரிசையாகக் காத்திருந்தன. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

உள்ளே விடமாட்டாள் என்று நினைத்தான். புரோகிராம் எழுதுகிறவன் என்று சொன்னதுமே தெய்வமே வந்துவிட்ட மாதிரி எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். இதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், தனக்கு இதை ஓட்டத்தான் தெரியும், திருத்தத் தெரியாது என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

யாரிடமாவது கேட்டுப் பார்த்தீர்களா என்றான் தம்பி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே.

“கேட்டேன், சார். பதில் தெரியும்னு ஒருத்தர் காத்துக்கிட்டுக்கூட இருக்கார்.”

“அப்புறம் ஏம்மா வாங்கல?” மூச்சு வாங்கக் கேட்டார் அத்தான்.

“வரியெல்லாம் ஒட்டச் சொன்னாங்க, அப்பவே ஒட்டிட்டேன். பூட்டினவனைத்தான் காணோம், சார்.”