பின்னிருக்கை

ஜப்பானின் இரியோமொத்தே தீவின் படகுத்துறைக்குச் சுமியே தனியாகத்தான் வந்தாள். கணவர் தெத்சுரோ போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

“இந்த ரெண்டு சீட்டுப் படகு ஜோடியா வர்றவங்களுக்கும்மா. உங்களுக்கு ஒத்தைப் படகு தர்றேனே,” என்றான் வழிகாட்டி கிஷாபா.

“எனக்கு ஜோடிப் படகுதான் வேணும். புருஷன் செத்துட்டா இதுல ஏறக்கூடாதுன்னு சட்டமா?”

அவன் அவளை முன்னிருக்கையில் ஏற்றி, ஒரு துடுப்பைக் கொடுத்துப் படகைத் தள்ளிவிட்டான். தன் படகில் பின்னால் வந்தான்.

அலையாத்தி மரங்களுக்கு நடுவே நீரோட்டம் எதிர்த்தது. தோள் வலித்ததால் சுமியே துடுப்புப் போடுவதை நிறுத்தினாள். படகு நிற்கவில்லை. பின்பக்கம் அமிழ்ந்து, முன்பக்கம் லேசாக உயர்ந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் துடுப்பு விழும் சத்தம் நிதானமாகக் கேட்டது. படகிலிருந்த ஒரே துடுப்பு அவள் கையில் இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“இங்க வரலாம்னு முப்பது வருஷமா கூப்பிட்டேன். கடையை யாரு பாத்துக்கறதுன்னீங்க. இப்ப மட்டும் யாரு பாத்துக்கறாங்களாம்?”

சத்தம் ஒரு கணம் தயங்கியது. பிறகு மறுபடியும் விழுந்தது.

“அப்ப நீங்களே போடுங்க. நான் தொடமாட்டேன்.”

துடுப்பை மடியில் கிடத்திக் கைகளைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

“அம்மா! தண்ணி வடியுது, திரும்பிடுங்க!” கிஷாபாவின் குரல் வெகு தூரத்தில் கேட்டது.

“நான் ஓட்டலை தம்பி!” என்று கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னும் உள்ள போங்க,” என்றாள்.

படகு நீரோட்டத்தை எதிர்த்து, அடுத்த வளைவுக்குள் மெதுவாகத் திரும்பியது.