தூக்கி நிறுத்திய கோன்

பயிற்சி மைதானத்தில் ஓர் ஆரஞ்சு நிறக் கோன் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சான்றிதழுக்காக வருகிறவர்கள், அதன்மேல் இடிக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்ட வேண்டும்.

தேர்வன்று இசக்கிராஜ் என்பவன் திரும்பியே பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தான். கோன் உருண்டு விழுந்தது. பயிற்சியாளர் அதைத் தூக்கி நிறுத்தினார். "பரவாயில்லப்பா, ஓட்ட ஓட்ட வந்துடும்" என்று பாஸ் போட்டுவிட்டார்.

"வலிக்குதா?" என்று கேட்டது ஃபோர்க்லிஃப்ட்.

"நான் ரப்பர்தானே! பிழைக்க வந்தவன், போகட்டும் விடு" என்றது கோன். தன் பெரிய மனசை நினைத்து அதற்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு குடோனில் அவசரமாகத் தேவை என்று அந்தக் கோனை எடுத்துப் போனார்கள். கழுவிவிட்ட ஈரம் காயாத தரையில், யாரும் மிதித்துவிடாதபடி அதை வைத்தார்கள். அன்று காலைவரை, பேக்கிங் வேலை செய்யும் அன்னபாக்கியம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது. அந்தக் குடோனில் வேலைக்குச் சேர்ந்திருந்த இசக்கிராஜ் அங்கேயும் திரும்பிப் பார்க்காமல்தான் ரிவர்ஸ் எடுத்திருக்கிறான்.

மைதானத்துக்குத் திரும்பிவந்த கோன் நடந்ததைச் சொல்லி, "என் தப்புதான்" என்றது.

"இதுல உன் தப்பு என்ன இருக்கு?" என்றது ஃபோர்க்லிஃப்ட். "நீ விழுந்தே. தூக்கி நிறுத்தினாங்க, நின்னே. அவ்வளவுதானே?"

"அன்னிக்கு நான் நின்னிருக்கக் கூடாது" என்றது கோன். "அவளையும் தூக்கி நிறுத்திப் பார்த்தாங்களாம்."