லோகேஸ்வரியும் வருவாளா?

மறுநாள் நிக்காஹ். மருமகளாக வரப்போகும் மாஹிராவுக்குப் பட்டுச்சேலை கொடுக்க லோபாக்கில் இருந்த அவள் வீட்டுக்கு வந்திருந்தார் ரம்ஜான் பீவி.

“மாமி, நாளைக்கு லோகேஸ்வரியும் வருவாளா?”

“அவ இல்லாம கல்யாணமா?”

மாஹிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவ காரு நின்னுபோனா உங்க மகன்தான் ஓடணும். தீபாவளிக்கு அவளுக்குச் சேலை எடுக்கணும். நேத்து என்கூட மோதிரம் வாங்க வந்தவரு, அவ போன் பண்ணதும் பாதியிலேயே கிளம்பிட்டாரு லா! அவ மட்டும் முஸ்லிமா இருந்திருந்தா அவளைத்தான் கட்டியிருப்பாரு.”

“முஸ்லிமா இருந்திருந்தாலும் அஸ்வர் அவளைக் கட்ட முடியாதும்மா.”

“ஏனாம்?”

“அப்ப எஸ்டேட்டுல கடை வச்சிருந்தோம். அஸ்வரைப் பெத்துப்போட்டுட்டு நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். தொழிலாளிங்க லயத்துல இருந்த பஞ்சாலைங்கிறவளுக்கு அப்பத்தான் லோகேஸ்வரி பொறந்திருந்தா. ரெண்டு பிள்ளையையும் மடியில போட்டு அவதான் பால் கொடுத்தா. நம்ம மார்க்கத்துல அது கூடப்பொறந்த உறவுன்னு பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னாரு. பஞ்சாலைகிட்டச் சொன்னா சிரிக்கிறா. ‘இதுக்கு ஹஸ்ரத் எதுக்குங்க? ஒரே மார்ல பால் குடிச்சதுங்க, எங்களுக்கும் அண்ணன் தங்கச்சிதான்’கிறா.”



ரம்ஜான் பீவி கைப்பையைத் திறந்து கருகமணியை எடுத்தார்.

“மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவதானே இதைப் பொண்ணு கழுத்துல கட்டணும்? அவ வரலைன்னா நாளைக்கு உனக்கு யாரும்மா கட்டுவா?”